65 வயதுக்கு முன் ஓய்வு: ரோத் கன்வர்ஷனுக்கு வரம்பு வரி அடுக்கு அல்ல, காப்பீட்டு மானியம்

அமெரிக்காவில் ஐம்பதுகளின் கடைசியில் வேலையை விட நினைக்கும் நம்மவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: சம்பளம் நின்றதும் வரி குறையும், 401கே (வேலை வழியாகச் சேர்த்த ஓய்வுக்காலச் சேமிப்பு) பணத்தை 12 சதவீத வரி அடுக்கு நிறையும்வரை ஆண்டுதோறும் ரோத்துக்கு (இப்போது வரி கட்டிவிட்டு, பிறகு வரியில்லாமல் எடுக்கும் கணக்கு) மாற்றுங்கள். இதுதான் ரோத் கன்வர்ஷன். 65 வயதில் அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் வரும்வரை, தனிநபர்கள் வாங்கும் ஒபாமாகேர் மார்க்கெட்பிளேஸில் மருத்துவக் காப்பீடு எடுப்பவர்களுக்கு இது பெரிய நஷ்டத்தில் கொண்டுபோய் விடும்.

மாற்றுகிற ஒவ்வொரு டாலரும் அந்த ஆண்டு வருமானத்தில் சேரும். 2021 முதல் 2025 வரை, வருமானம் கூடக்கூட, இந்தக் காப்பீட்டின் பிரீமியத்துக்கு அரசு தரும் மானியம் படிப்படியாகத்தான் குறைந்தது. அந்தச் சலுகை முடிந்துவிட்டது. 2026 காப்பீட்டுக்கு, வறுமைக் கோட்டின் 400 சதவீதத்தைத் தாண்டினால் மானியமே கிடையாது. பெரும்பாலான மாநிலங்களில் தனி ஆளுக்கு அந்த எல்லை 62,600 டாலர், தம்பதிக்கு 84,600.

இருவருக்கும் 60 வயது, அவர்கள் ஊரில் பெஞ்ச்மார்க் சில்வர் பிளான் (மானியத்தைக் கணக்கிட அளவுகோலாக வைக்கும் பிளான்) மாதம் 2,400 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 28,800. வருமானம் சரியாக 84,600-ல் நின்றால் இவர்கள் பங்கு அதில் 9.96 சதவீதம், அதாவது 8,426. மீதி 20,374 மானியம். 500 டாலர் கூடுதலாக மாற்றினால் அத்தனையும் போய்விடும். முன்கூட்டியே வாங்கியிருந்தால் வரி தாக்கலின்போது படிவம் 8962 வழியாக முழுதாகத் திருப்பிக் கட்ட வேண்டும்.

எல்லைக்குள்ளேயே இருந்தாலும் 12 சதவீதம் என்பது உண்மையான விலை இல்லை. தம்பதிக்கு 63,450-க்கும் 84,600-க்கும் இடையில் 10,000 டாலர் மாற்றினால் மத்திய வரி 1,200, பிரீமியத்தில் 996. கிட்டத்தட்ட 22 சதவீதம்.

கணக்கு பெரும்பாலும் டிசம்பரில்தான் உதைக்கும். மியூச்சுவல் ஃபண்டுகள் ஆண்டுக் கடைசியில் பிரித்துத் தரும் மூலதன ஆதாயம், வரியே இல்லாத முனிசிபல் பாண்ட் வட்டி, பூஜ்ய சதவீத வரி விழும் நீண்டகால ஆதாயம் எல்லாமே இந்த வருமானத்தில் சேரும். நம்மவர்கள் அதிகம் மறப்பது, வெளிநாட்டு வாழ் இந்தியர்கள் இந்திய வங்கியில் வைக்கும் என்ஆர்இ வைப்பின் வட்டி. இந்தியாவில் வரி இல்லை, இங்கே உண்டு. இவற்றைக் கூட்டிய பிறகு, டிசம்பர் நடுவில், எல்லைக்குக் கீழே 2,000, 3,000 டாலர் இடம் விட்டு மாற்றுங்கள். 2018-லிருந்து கன்வர்ஷனைத் திருப்ப வழியில்லை. தாண்டிவிட்டால் பெரும்பாலும் கைகொடுப்பது எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு; போடும் பணம் வருமானத்திலிருந்து கழியும்) ஒன்றுதான்: 2026-ல் குடும்பத்துக்கு 8,750, 55 தாண்டிய ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் இன்னும் 1,000. அடுத்த ஏப்ரல் 15 வரை போடலாம், சம்பளம் தேவையில்லை. 2026 முதல் மார்க்கெட்பிளேஸ் வெண்கல (Bronze) பிளான்கள் எல்லாமே எச்எஸ்ஏவுக்குத் தகுதி பெறுவதால், பிளான் தேர்வு செய்யும்போதே இதை யோசியுங்கள்.

59½ ஆகாதவர்கள் கன்வர்ஷன் வரியை அந்தப் பணத்திலிருந்தே பிடிக்கச் சொல்லக் கூடாது. பிடித்த தொகைக்குப் பொதுவாக 10 சதவீத அபராதம் விழும். வெளிக் கணக்கிலிருந்து கட்டுங்கள்.

அதிகம் மாற்ற ஏற்ற ஆண்டு கோப்ரா ஆண்டு, அதாவது வேலையை விட்ட பிறகும் பழைய நிறுவனக் காப்பீட்டைத் தொடரும் ஆண்டு. ஜூன் கடைசியில் வேலையை விட்டால் 18 மாதக் கோப்ரா மறு ஆண்டு டிசம்பர் வரை வரும். அந்த மறு ஆண்டு முழுக்க இழக்க மானியமே இல்லை, சம்பளமும் இல்லை. கோப்ராவில் நிறுவனத்தின் பங்கையும் சேர்த்து 102 சதவீதம் நாமே கட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அறுபதைத் தொட்ட தம்பதிகள் அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. 1960-லோ பிறகோ பிறந்தவர்களுக்குக் கட்டாயமாகப் பணம் எடுக்கும் வயது 75. மெடிகேருக்குப் பிறகு பத்து ஆண்டுகள் கையில் இருக்கின்றன. மெடிகேர் பிரீமியம் இரண்டு ஆண்டு முந்தைய வருமானத்தைப் பார்க்கும் என்பதால் 63-லிருந்தே ஐஆர்எம்ஏஏ (வருமானம் அதிகமானால் மெடிகேர் பிரீமியத்தில் சேரும் கூடுதல் கட்டணம்) எல்லையைக் கவனித்தால் போதும். 2026-ல் தம்பதிக்கு அது 218,000 டாலர்.