‘பாட்டில்’ படங்களை வரைந்தவர் பற்றி ஒரு திருத்தம்

ஒரு குடும்பம் குடியால் சீரழிவதைக் காட்டும் ‘பாட்டில்’ என்ற 8 படங்களை வரைந்த ஆங்கில ஓவியர் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் குடியையே தொடாதவர், அதனால் இது வெறும் பிரசாரம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரிசை தலைகீழாகிவிட்டது. மனிதர் நன்றாகவே குடித்தவர். 1847இல் இந்தப் படங்கள் வெளிவந்த பிறகுதான் குடியை விட்டார். விட்டதோடு நிற்காமல் ஊரெல்லாம் மதுவிலக்குப் பேச்சாளராகவும் ஆகிவிட்டார் என்பது வேறு விஷயம்!

பிரசாரம் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் படங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். முதல் படத்தில் கணப்படுப்பு எரிகிறது, பூனை குட்டியோடு விளையாடுகிறது, கணவன் மனைவிக்கு ஒரே ஒரு வாய் ஊற்றிக் கொடுக்கிறான். அடுத்ததிலேயே வேலை போய்விட்டது. துணிமணி அடகுக்குப் போகிறது. பூனை எலும்பும் தோலுமாக நிற்கிறது. ஏழாவதில் அவன் மனைவியை அதே பாட்டிலால் அடித்துக் கொன்றுவிடுகிறான். குடிகாரர் வீட்டை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவருக்கு அந்தப் பூனை தோன்றியிருக்குமா?

இன்னொன்று, இவை பணக்காரர் மாளிகைக்கான விலை உயர்ந்த செப்புத்தகட்டு அச்சுகளும் அல்ல. கிளிஃபோகிராஃபி என்ற மலிவான முறையில் அச்சாகி, எட்டும் சேர்ந்து ஒரு ஷில்லிங்குக்கு விற்றவை.