இரண்டு சனிக்கிழமைகளைக் காலியாக வையுங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்க ஆட்டம்) சாம்பியனை எப்படி முடிவு செய்வது என்ற வாக்குவாதம் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது: பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்றுகளான பிளேஆஃபில் எத்தனை அணிகள்? 2014இல் 4, 2024இல் 12, இப்போது 16, 24 என்று பேச்சு. எத்தனை கூட்டினாலும் இந்தச் சண்டை தீராது என்பது என் உறுதியான கருத்து. கோளாறு அட்டவணையில் இருக்கிறது.

2025இல் மேல்பிரிவில் 136 அணிகள். ஆளுக்கு 12 ஆட்டம்தான். அதில் 8 அல்லது 9 சொந்த கான்ஃபரன்ஸுக்குள்ளேயே (அணி சேர்ந்திருக்கும் கூட்டமைப்பு) போய்விடும். மிச்சத்தில் ஒன்று பெரும்பாலும் கீழ்ப்பிரிவு அணியோடு. வெளியே பலமான அணியோடு மோதுவது ஒன்றோ இரண்டோ; அதுவும் பல வருடங்களுக்கு முன்பே கையெழுத்தான ஒப்பந்தம். ஒரு கான்ஃபரன்ஸில் 10-2 (10 வெற்றி, 2 தோல்வி) எடுத்தது பெரிதா, இன்னொன்றில் 11-1 எடுத்தது பெரிதா என்று சொல்லக் களத்தில் போதிய சான்று இல்லை. அந்த இடைவெளியை, பிளேஆஃப் அணிகளைப் பொறுக்கும் தேர்வுக் குழு தன் அபிப்பிராயத்தால் நிரப்புகிறது.

2023இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டமும் ஜெயித்து கான்ஃபரன்ஸ் பட்டமும் வாங்கியது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் காயம்பட்டிருந்தார், 12-1 அலபாமா உள்ளே போனது, இவர்கள் வெளியே. 2025இல் மயாமியும் நோத்ரதாமும் 10-2. ஆகஸ்ட் கடைசியில் மயாமி நேருக்கு நேர் 27-24 என்று ஜெயித்திருந்தும், வாரா வாரம் குழு நோத்ரதாமைத்தான் மேலே வைத்தது. கடைசி வார இறுதியில் இரண்டு அணிகளும் ஆடவே இல்லை, ஆனால் வரிசை மாறியது. மயாமி மேலே போனது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஆகஸ்டில் தெரிந்த உண்மை டிசம்பரில்தான் கணக்கில் வரும் என்றால், அந்த முறையை யார் சரிபார்ப்பது?

சூத்திரத்திலும் பிழை வரும், மறுக்கவில்லை. 1998 முதல் 2013 வரை இருந்த பிசிஎஸ் என்ற பழைய தரவரிசை முறையில், பின்னாளில், ஆறு கணினிப் பட்டியல்களில் உச்சத்தையும் அடியையும் நீக்கிச் சராசரி எடுத்தார்கள். ஆறில் முழுச் சூத்திரத்தையும் வெளியிட்டது கோலி முறை மட்டுமே. 2010இல் அதில் ஒரு கீழ்ப்பிரிவு ஆட்டம் விடுபட்டு, எல்எஸ்யூவும் பாய்ஸி ஸ்டேட்டும் 10, 11ஆம் இடங்களில் மாறி நின்றன. வெளியாள் ஒருவர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். சூத்திரம் பொதுவில் இருந்ததால்தான் அது முடிந்தது.

கோலி முறையின் கணக்கு எளியது. வெற்றியிலிருந்து தோல்வியைக் கழித்துப் பாதியாக்கி, 1 கூட்டி, ஆடிய எதிரணிகளின் மதிப்பையெல்லாம் சேர்த்து, ஆட்ட எண்ணிக்கையோடு 2 கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். எல்லா அணியும் 0.5இல் தொடங்கும், மதிப்புகள் நிலைக்கும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். எதிரணிச் சராசரி 0.6 உள்ள 10-0 அணிக்கு 1.0 வரும். சராசரி 0.7 உள்ள 9-1 அணிக்கும் அதே 1.0. 0.95இல் நிற்கும் அணி 11ஆவது ஆட்டத்தில் 0.2 மதிப்புள்ள அணியை ஜெயித்தாலும் 0.93க்கு இறங்கும், அதனால் சப்பை எதிரணியைத் தேடிப் பிடிப்பதில் லாபமில்லை. எத்தனை புள்ளி வித்தியாசம் என்பது இதில் சேராது. ஜெயித்த பிறகும் அடித்துக் குவிக்கும் ஆசைக்கு இடமே கிடையாது.

ஆனால் அணிகள் ஒன்றோடொன்று மோதாமல் எந்தச் சூத்திரமும் உதவாது. சதுரங்கத்தில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட்டில் 180க்கு மேற்பட்ட அணிகளை 11 சுற்றில் வரிசைப்படுத்தியது, ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை ஏறக்குறையச் சமமாக நிற்பவர்களை மோதவிடும் சுவிஸ் முறைதான். அதில் இரண்டே சுற்றை இங்கே கொண்டுவரலாம்.

10 ஆட்டங்களை இப்போது போலவே முன்கூட்டி நிர்ணயிக்க வேண்டும். நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமையும், இப்போது கான்ஃபரன்ஸ் இறுதி நடக்கும் டிசம்பர் முதல் சனிக்கிழமையும் காலி. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரப் பரம்பரைப் பகை ஆட்டங்களில் கை வைக்கக் கூடாது. ஜூலையிலேயே அணிகளைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதல் சனி சொந்த மைதானம், இரண்டாவது சனி வெளியூர், மறுபாதிக்கு நேர்மாறு. எதிரணி யார் என்று தெரியாமலேயே டிக்கெட் விற்கலாம், ஊர் போலீஸ் பந்தோபஸ்துக்கும் தேதி கிடைத்துவிடும். முதல் சுற்றில் இரு பாதியிலும் கோலி மதிப்பில் மேலிருந்து 12 அணிகளை எடுத்து, இந்தப் பக்கம் 1க்கு அந்தப் பக்கம் 7, 2க்கு 8 என்று இரு பக்கமும் கோக்க வேண்டும். இரண்டாவது சுற்றில் மதிப்பைப் புதிதாகக் கணக்கிட்டு 1க்கு 1, 2க்கு 2. ஒரே கான்ஃபரன்ஸ் என்றாலோ, ஏற்கெனவே மோதியிருந்தாலோ, அடுத்த அணியோடு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு மதிப்பில் முதல் 8 அணிகளுக்கு பிளேஆஃப்.

2017இல் யூசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம்) 12-0 என்று நின்றும் குழுவின் கடைசிப் பட்டியலில் 12ஆம் இடம். புத்தாண்டு அன்று, அந்த சீசனில் அலபாமாவையும் ஜார்ஜியாவையும் வீழ்த்தியிருந்த ஆபர்னை 34-27 என்று வென்றது. அந்த அலபாமாவும் ஜார்ஜியாவும்தான் கடைசியில் பட்டத்துக்கு மோதின. ஆபர்னோடு ஆடும் வாய்ப்பு நவம்பரில் யூசிஎஃபுக்குக் கிடைத்திருந்தால் 12ஆம் இடத்துக்கு யாரும் அதைத் தள்ளியிருக்க முடியாது.

சிக்கல்கள் உண்டு. ஞாயிறு அறிவித்து அடுத்த சனி ஆடுவதற்குள் விமானமும் ஹோட்டலும் ஏற்பாடு செய்வது கடினம்; அதனால் முதல் சுற்றுக்கு முந்தைய வாரம் எல்லாருக்கும் ஓய்வு விட்டு 13 நாள் அவகாசம் தர வேண்டும். இரண்டாவது சுற்றுக்கு அந்த வசதி இல்லை, ஆறே நாள்தான். பிளேஆஃப் முதல் சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பழகியவர்கள் சிரமப்படுவார்கள். நடுவர்களை கான்ஃபரன்ஸ்கள் அனுப்பும் வழக்கத்தால், இந்த இரண்டு நாளும் மூன்றாவது கான்ஃபரன்ஸின் நடுவர் குழு வர வேண்டும். பெரிய தடை பணம்: அட்லாண்டாவிலும் இண்டியானாபொலிஸிலும் நடக்கும் கான்ஃபரன்ஸ் இறுதிகளின் வருமானம் போகும். அதற்கு ஈடாக இந்த இரண்டு சனிக்கிழமைகளின் தொலைக்காட்சி உரிமையைத் தனியாக ஏலம் விட்டு, ஆடும் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். பெரிய கான்ஃபரன்ஸ்களான எஸ்இசியும் பிக் டென்னும் சமபங்குக்கு லேசில் ஒத்துக்கொள்ளாது. பேச்சுவார்த்தையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.