ரேஷன் அரிசி மட்டும்தான் காரணமா?
ரேஷன் அரிசிக்குப் பழகியதால்தான் பழங்குடிகள் காட்டு உணவைக் கைவிட்டார்கள் என்று இங்கே வெளியான கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சத்தியமங்கலத்தை ஒட்டி, கர்நாடகப் பக்கம் இருக்கும் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர் பழங்குடிகளைப் பாருங்கள். 1974-இல் அந்த மலை சரணாலயமானது. அதன்பின் காட்டை மாற்றி மாற்றி ராகி விதைத்த பழைய விவசாயம் நின்றுபோனது. கோடையில் சருகுக்குச் சிறிதாகத் தீ வைக்கும் வழக்கத்துக்கும் தடை வந்தது. அந்தத் தீ இல்லாததால்தான் உன்னிச்செடி என்ற அயல்நாட்டுப் புதர் மண்டியது, கிழங்கும் கீரையும் அதனடியில் மறைந்தன என்று சோளகப் பெரியவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கிழங்கு முளைக்கவே இடமில்லாத காட்டில் எதைத் தோண்டுவது? சரி, மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், கிழங்கைப் பழங்குடிகளே தோண்டித் தோண்டி அழித்துவிட்டார்கள் என்கிறார். அது அநியாயம். கிழங்கை எடுத்ததும் கொடியோடு சேர்ந்த தலைப்பகுதியைத் திரும்பக் குழியிலேயே புதைத்து மண்ணை மூடுவது அவர்கள் வழக்கம், அடுத்த மழைக்கு அது மறுபடி தழைக்கும். தமிழ்நாட்டு எல்லைக்குள் தாளவாடிப் பக்கம் எனக்குப் பழக்கமான சோளகர் வீடுகளில் இன்றும் களியும் காட்டுக்கீரையும் விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள். கீரை பறிக்கப் போகும் பெண்களுக்கு யானை பயம் ஒருபுறம், வனக்காவலர் கேள்வி மறுபுறம். 2006 வன உரிமைச் சட்டம் கிழங்கு போன்ற சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமையைப் பழங்குடிகளுக்குத் தெளிவாகவே தருகிறது. பிலிகிரிரங்கன் மலையில் 2011-இல், புலிகள் காப்பகமான அதே ஆண்டில், ஊராகச் சேர்ந்து காட்டைப் பயன்படுத்தும் சமூக வன உரிமையும் சோளகர்களுக்கு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டு மலைகளில் எத்தனை ஊர்களுக்கு அப்படி உரிமை கிடைத்திருக்கிறது என்பதைக் கட்டுரையாளர் விசாரித்து எழுத வேண்டும்.