மணிக்கு ஆறு கிலோமீட்டர் ஓய்வு

(டப்ளின் நகரில் ஒரு வீடு. வெளியே மழை.)

கணவர்: இந்தக் கோடை விடுமுறைக்கு விக்லோ மலைப்பக்கம் போய், குதிரை பூட்டிய கூண்டு வண்டி ஒன்றை ஒரு வாரத்திற்கு வாடகைக்கு எடுக்கலாம் என்று நினைக்கிறேன். பீப்பாயைப் படுக்க வைத்தாற்போல் வளைந்த கூரை, உள்ளே படுக்கை, சிறிய எரிவாயு அடுப்பு. அயர்லாந்தின் நாடோடி மக்கள் ஒரு காலத்தில் குடும்பத்தோடு வாழ்ந்த வண்டியின் அதே சாயல்.

மனைவி: ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகும்?

கணவர்: குதிரை நடக்குமே தவிர ஓடாது. மணிக்கு 6 கிலோமீட்டர் வீதம் மாலைக்குள் 15 கிலோமீட்டர் கடந்து, வழியில் ஒரு பண்ணையில் தங்கிவிடலாம்.

மனைவி: நம் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடும் ஊருக்கு ஏழு நாளா? கழிப்பறை?

கணவர்: பண்ணையில் இருக்கும்.

மனைவி: வண்டியோட்டி?

கணவர்: நாம்தான். முதல் நாள் சேணம் பூட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். அதன்பின் முழு ஓய்வு. விடிந்ததும் ஓட்ஸ் வாளியோடு புல்வெளிக்குப் போய், பிடி கொடுக்காமல் விலகி விலகி மேயும் குதிரையைக் கெஞ்சி அழைத்துவந்து, உடம்பைத் தேய்த்துவிட்டு, குளம்பில் சிக்கிய கல்லை நீக்கி, அது நிதானமாகத் தின்று முடிக்கும்வரை காத்திருந்து வண்டியில் பூட்டினால் போதும்.

மனைவி: மேடு வந்தால்?

கணவர்: பாரம் குறைய நாம் இறங்கி நடக்க வேண்டும்.

மனைவி: பள்ளம் வந்தால்?

கணவர்: ஒருவர் பிரேக்கைப் பிடிக்க, மற்றவர் குதிரையின் தலையருகே நடக்க வேண்டும்.

மனைவி: மழை பெய்தால்?

கணவர்: இந்த நாட்டில் மழையில்லாத வாரம் குதிரைக்கொம்பு என்பது உனக்கே தெரியும். நனைந்துகொண்டே ஓட்ட வேண்டியதுதான்.

மனைவி: ஆக, விடுமுறை நமக்கில்லை, குதிரைக்கு.

கணவர்: சரி, வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

மனைவி: வேண்டாமென்று யார் சொன்னது? திருமணமான இத்தனை ஆண்டுகளில் நான் இரண்டு முறை எழுப்பாமல் நீங்கள் எழுந்ததில்லை. உங்களுக்கு முன்னால் இன்னொரு உயிருக்குச் சாப்பாடு வைத்ததுமில்லை. இன்றைக்கே முன்பதிவு செய்யுங்கள். அப்படியே, எட்டாவது நாள் குதிரையைத் திருப்பித் தராமல் நாமே வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள்.