கயிற்றுப் பின்னல் ஏன் அவிழ்கிறது?

ஐந்தே நிமிடத்தில் பெண்கள் தாமே செய்துகொள்ளக்கூடியவை என்று நான் படித்த ஒரு கட்டுரையில் காட்டிய சிகை அலங்காரங்களுள் கயிற்றுப் பின்னலே எனக்கு எளிதாகப் பட்டது. ஆனால் பலருக்கு அது நிற்காமல் அவிழ்ந்துவிடுவது ஏன் என்பதையும் சொல்லியிருக்கலாம். குதிரைவாலாகக் கட்டிய முடியை இரண்டாகப் பிரித்து, இரு பகுதிகளையும் தனித்தனியே வலப்பக்கமாக முறுக்கிய பிறகு, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். இரண்டு முறுக்கும் ஒரே திசையில் அமைந்தால், நுனியில் ரப்பர் பேண்டு போடுவதற்குள்ளாகவே பின்னல் பிரிந்துவிடும். இது தெரியாமல் பல நாள் கண்ணாடி முன் நின்று கை வலித்ததுதான் எனக்கு மிச்சம். ஹேர்பின்னைச் செருகும்போதும் அதன் நெளிந்த பக்கம் தலையை ஒட்டியிருந்தால்தான் முடி எளிதில் நழுவாது.

ஒன்றை மட்டும் ஏற்க இயலவில்லை. ஈரத் தலையிலேயே இறுக்கிப் பின்னினால் முடி நன்றாகப் படியும் என்கிறது கட்டுரை. நனைந்த முடி அதிகமாக இழுபட்டு எளிதில் அறுந்துபோகும் என்பதோடு, நாள்தோறும் இறுக்கிக் கட்டுவதால் நெற்றியோரத்து முடி மெல்ல மெல்ல உதிர்ந்து நெற்றி ஏறிவிடவும் கூடும். முக்கால்வாசி உலர்ந்தபின் தளர்வாகப் பின்னிவிட்டுப் படுத்தாலே, காலையில் அவிழ்க்கும்போது முடி அலையலையாக விழும்.