ரோட்டுப் பனியைக் கொண்டுவந்து நடைபாதையில் கொட்டாதீர்கள்

இன்று காலையும் என் மகள் ரோட்டில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போனாள். ஒன்பது வயசுப் பிள்ளை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான், எங்களை உரசிக்கொண்டு பிக்கப் வண்டிகள். நடைபாதை இல்லாமல் இல்லை. அதன்மேல் இடுப்பளவுக்குப் பனி கிடக்கிறது. அது வானத்திலிருந்து அங்கே விழுந்த பனியும் இல்லை. ராத்திரி நகராட்சியின் ப்ளோ வண்டி, அதாவது முன்னால் இரும்புத் தகடு வைத்துப் பனியைத் தள்ளும் லாரி, ரோட்டை வழித்து ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் போனது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இந்தச் சின்ன ஊருக்கு நாங்கள் வந்து ஆறு வருஷம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது. பனி பெய்வது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் பெய்த பனியை எங்கே தள்ளுவது என்பது மனுஷர்கள் எடுக்கிற முடிவு. என் கோபமெல்லாம் அந்த முடிவின் மேல்தான்.

இந்த மாநிலத்தில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீடு இரண்டு மைலுக்கு அப்பால் இருந்தால்தான் பள்ளிப் பேருந்து விட்டாகவேண்டும். எங்கள் வீட்டிலிருந்து பள்ளி ஒரு மைல்கூட இல்லை. அப்படியானால் பிள்ளை நடந்து வரட்டும் என்று சொல்வது சட்டமே. சரி, நடக்கிறோம். எதன்மேல் நடப்பது?

பெரிய ரோட்டைத் தாண்டும் முனைக்கு வந்து பாருங்கள். சிக்னல் கம்பத்தில் நடப்பவர்கள் அழுத்துவதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால்தான் நமக்கு வெள்ளை விளக்கு எரியும். கம்பத்தைச் சுற்றி இரண்டு ரோட்டுப் பனியும் சேர்ந்து குன்று மாதிரி நிற்கிறது. "அம்மா, பட்டன் அந்தப் பக்கம் இருக்கு, எப்படிப் போறது?" என்று மகள் கேட்டாள். நான் ஏறினேன். முட்டிவரை கால் உள்ளே போய், பூட்ஸுக்குள் பனி இறங்கி, கையை ஊன்றித்தான் பட்டனைத் தொட முடிந்தது. விளக்கு எரிந்தது. நான் இறங்கி வந்து அவள் கையைப் பிடிப்பதற்குள் அணைந்தும்விட்டது.

நகராட்சிக்குப் போன் செய்தேன். நடைபாதை வீட்டுக்காரர் பொறுப்பு என்று ஒரே வரியில் பதில் வந்தது. அயோவா சட்டத்தின் 364.12-ஆம் பிரிவைத் தேடி எடுத்துப் படித்தேன். இயற்கையாகச் சேரும் பனியையும் ஐஸையும் நியாயமான நேரத்துக்குள் அகற்றுவது அந்த இடத்தை ஒட்டிய சொத்துக்காரரின் பொறுப்பு என்றுதான் அதில் இருக்கிறது. இயற்கையாகச் சேரும் பனி! லாரியின் இரும்புத் தகடு தள்ளிக் குவித்தது எந்த ஊரில் இயற்கை? அதோடு, சொத்துக்காரர் செய்யாவிட்டால் நகரமே சுத்தம் செய்து செலவை அவர் கணக்கில் ஏற்ற அதே பிரிவு வழி தருகிறது. முனையில் இருக்கும் கடை பூட்டிக் கிடக்கிறது, முதலாளி வெளியூர். மூன்று வாரமாக அங்கே ஒரு மண்வெட்டிகூடப் படவில்லை.

ப்ளோ தள்ளிய பனியை அள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது புதுப்பனி மாதிரி பஞ்சு இல்லை. டயரில் நசுங்கி, பாதி உருகி, உப்பும் மண்ணும் கலந்து, ராத்திரிக் குளிரில் கல்லாக இறுகிவிடும். ரோட்டுக்குப் போடும் சாதாரண உப்பே மைனஸ் பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சரியாக வேலை செய்யாது. அதை எழுபது வயசுப் பாட்டி பிளாஸ்டிக் மண்வெட்டியால் உடைக்கவேண்டுமாம். எங்கள் தெருவில் ஒருவர் பனியை அள்ளி ஓரமாய் வீசும் தன் ஸ்னோ ப்ளோயர் மெஷினை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் ஆறேழு வீட்டு வாசலைச் சுத்தம் செய்து கொடுக்கிறார். காசு வாங்கமாட்டார். நல்ல மனுஷர், கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்ட வாரம் தெருவே முடங்கிப் போனது.

சக்கர நாற்காலியில் போகிற ஒரு பெரியவரை அடிக்கடி பார்க்கிறேன். 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தால்தான் முனைக்கு முனை சரிவு கட்டி, பார்வையில்லாதவர்கள் காலால் உணர மஞ்சள் நிறத்தில் புள்ளிப் பலகை பதித்திருக்கிறார்கள். மக்கள் வரிப்பணம். அந்தச் சரிவின்மேலேயே ப்ளோ கொண்டுபோய்க் கொட்டுகிறது. போன செவ்வாய்க்கிழமை அவர் வண்டிகளுக்கு நடுவே, ரோட்டில் எதிர்த்திசையில் உருட்டிக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாப்பிலும் இதே கதைதான். இறைச்சி ஆலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் இருட்டில் ரோட்டிலேயே நிற்கிறார்கள். கார் இல்லாதவர்களுக்கு இந்த ஊரில் குளிர்காலம் முழுக்க இதுதான் கதி.

சின்ன ஊருக்குப் பணம் ஏது என்று என்னிடம் சொல்லாதீர்கள். மிச்சிகன் மாநிலத்தில் ஹாலந்து என்று ஓர் ஊர், அதுவும் சின்ன ஊர்தான். அங்கே கடைவீதி நடைபாதைக்கு அடியில் குழாய் பதித்து, மின் நிலையத்தில் வீணாகப் போகும் வெப்பத்தால் சூடான தண்ணீரை ஓடவிட்டு, 1988-இலிருந்து பனியை உருக்குகிறார்கள். எட்கர் பிரின்ஸ் என்ற தொழிலதிபர் முன்கை எடுத்தார், நகரமும் சேர்ந்துகொண்டது. அவ்வளவு நான் கேட்கவில்லை. ப்ளோ போன பிறகு பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள முனைகளையும் பஸ் ஸ்டாப்புகளையும் வழித்துவிட ஒரு சின்ன வண்டியும் இரண்டு ஆட்களும் போதும்.

திங்கட்கிழமை நகரசபைக் கூட்டம். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம் தருவார்கள். மூன்று வாரமாக அந்த முனையைத் தினமும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், அத்தனையையும் அச்செடுத்துக் கொண்டுபோகிறேன். நடைபாதையில் போக முடிந்தால் நடந்தே போவேன்.