விண்டோஸ் விசை, யூ, யூ

நண்பன் ஒருவன் போனில் கேட்டான்: "விண்டோஸ் செவன்லயே எனக்கு எல்லாம் ஓடுது. எதுக்குடா லெவனுக்கு மாறணும்?" அவனும் என்னைப் போலப் பார்வையற்றவன். ஒரு மணி நேரம் பேசியும் அவனுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. காரணம், அவன் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

கணினியை அணைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் விண்டோஸ் விசையைத் தட்டி, யூ, மறுபடியும் ஒரு யூ. திரையில் இருப்பதை எங்களுக்குக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பேசி முடிப்பதற்குள் கணினி அணையத் தொடங்கிவிடும். விண்டோஸ் 7இல் அது விண்டோஸ் விசை, வலது அம்பு, என்டர் என்று ஆனது. 2012இல் எட்டு வந்தபோது ஸ்டார்ட் மெனுவையே காணோம். அணைக்கும் பொத்தான் திரையோரப் பட்டை ஒன்றுக்குள் போய்விட்டது. 8.1இலிருந்து விண்டோஸ் விசையுடன் எக்ஸ், அப்புறம் யூ, யூ. அந்தப் பழைய யூ, யூ திரும்பக் கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று பார்வை உள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

எங்களுக்கு இயங்குதளம் என்பது ஒரு வரிசை. எந்த விசைக்குப் பின் எது வரும், எத்தனை முறை அம்பைத் தட்டினால் எங்கே நிற்கும் என்பதெல்லாம் விரலில் இருக்கிறது. ஒரு பொத்தான் இடம் மாறினால் பார்வை உள்ளவர் திரையை ஒரு தடவை மேய்ந்து கண்டுபிடித்துவிடுவார். நான் டேப் விசையைத் தட்டித் தட்டி, வழியில் வரும் அத்தனையையும் காதில் வாங்கி, அதன்பிறகுதான் அங்கே போய்ச் சேர வேண்டும். அது இல்லாமலே போய்விட்டதா, நான்தான் தாண்டிவிட்டேனா என்ற சந்தேகம் வேறு.

பழைய மெனுக்களின் அருமை இங்கேதான். ஆல்ட்டைத் தட்டிக் கீழம்பில் இறங்கினால் ஒவ்வொன்றாகப் படிக்கும்: "சேவ், கன்ட்ரோல் எஸ்", "பிரிண்ட், கன்ட்ரோல் பி". குறுக்குவிசைகளை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, மெனுதான் சொல்லித்தந்தது. 2007 ஆபீஸில் மெனுக்களுக்குப் பதிலாக ரிப்பன் என்ற பொத்தான் பட்டை வந்தது. அது கண்ணால் பார்த்துப் பொறுக்குவதற்காக அடுக்கியது. அம்பைத் தட்டினால் எந்தக் குழுவிலிருந்து எந்தக் குழுவுக்குத் தாவுகிறது என்று பிடிபடவே எனக்கு வெகுநாள் ஆனது. பழகிக்கொண்டேன். ஆனாலும் புதிதாகக் கணினி கற்கும் பார்வையற்ற மாணவருக்கு அந்தப் பழைய மெனு கிடைக்கவில்லையே என்ற வருத்தம் இன்றும் உண்டு.

இன்னும் மூத்தவர்கள் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தைச் சொல்வார்கள். 80 எழுத்து அகலம், 25 வரி உயரம், திரையில் இருப்பது அத்தனையும் எழுத்து. திரைவாசிப்பான் அதை நினைவகத்திலிருந்து அப்படியே எடுத்துப் படித்தது. ஜாஸ் என்ற திரைவாசிப்பான் 1989இல் டாஸுக்காகத்தான் வந்தது. விண்டோஸ் வந்ததும் எழுத்தும் படமாக வரையப்பட்டது. எங்கே என்ன வரையப்படுகிறது என்று ஒட்டுக்கேட்டு, திரைக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டுதான் திரைவாசிப்பான்கள் பேசின. ஒரு மென்பொருள் தன் போக்கில் எதையாவது வரைந்தால் அந்த இடத்தில் மௌனம்தான். "நான் ஒரு பொத்தான், என் பெயர் இது" என்று மென்பொருளே சொல்லும் ஏற்பாடு 1997இல்தான் வந்தது. இன்றைய விண்டோஸில் அது எவ்வளவோ வளர்ந்திருக்கிறது. பழையதைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, நண்பனுக்குச் சொல்ல மறந்த கதைக்கு வருகிறேன். ஒருமுறை என் பழைய கணினியில் இயங்குதளத்தை மறுபடி நிறுவ வேண்டி வந்தது. அப்போதெல்லாம் நிறுவும்போது திரைவாசிப்பான் பேச்சு கிடையாது. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "அண்ணா, நீலமா வருது. விதிமுறையை ஒத்துக்கணும்னா எஃப்8 அடிக்கணுமாம்." அடித்தேன். விண்டோஸுக்கான 25 எழுத்து உரிமச் சாவியை அவன் படிக்கப் படிக்க நான் தட்டினேன். அப்புறம், "இன்னும் அரை மணி நேரம் ஆகும் போலண்ணா, எனக்கு டியூஷன் இருக்கு" என்றான். அவன் மேல் தப்பே இல்லை. அவன் போனபின், கேட்பதற்கு விசிறியின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத கணினிக்கு முன்னால், அவன் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இன்று விண்டோஸ் பத்தையோ பதினொன்றையோ நிறுவும்போது முதல் திரையிலேயே கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், ஒலிக்கான டிரைவர் மட்டும் இருந்துவிட்டால், விண்டோஸோடு வரும் திரைவாசிப்பான் நரேட்டர் பேசுகிறது. போன தடவை நானே நிறுவினேன், இரவு பதினொரு மணிக்கு, வீட்டில் யாரையும் எழுப்பாமல். எக்ஸ்பி காலத்திலும் நரேட்டர் இருந்தது. ஆனால் அன்றாட வேலைக்கு வேறு நல்ல திரைவாசிப்பான் வேண்டும் என்று அதுவே அறிவிக்கும். இன்று, வேறெதையும் நிறுவும் வரை முழுவேலையையும் அதை வைத்தே ஓட்ட முடிகிறது.

என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் 2017.3 பதிப்பு எனக்கு மறக்காது. எக்ஸ்பியில் ஓடிய கடைசிப் பதிப்பு அதுதான். படத்தில் இருக்கும் எழுத்தை விண்டோஸ் 10இன் உதவியோடு அடையாளம் கண்டு படிக்கும் வசதியும் அதே பதிப்பில்தான் வந்தது. எக்ஸ்பிக்காரர்களும் அந்தப் பதிப்பை நிறுவிக்கொள்ளலாம், ஆனால் அந்த வசதி அவர்களுக்குக் கிடையாது. ஆங்கிலத்தில் ஸ்கேன் செய்த ஒரு கடிதத்தை யாரிடமும் நீட்டாமல் நானே கேட்டு முடித்த அன்று எக்ஸ்பி மேல் இருந்த ஏக்கம் பாதி குறைந்தது.

புதியதில் எனக்குக் கோபமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வேலைக்கு செட்டிங்ஸ் ஒரு பக்கம், கன்ட்ரோல் பேனல் ஒரு பக்கம். பதினொன்றில் கோப்பின் மேல் மெனு திறந்தால் பாதிதான் வருகிறது. மீதிக்கு இன்னொரு மெனு. விசையைத் தட்டியதற்கும் குரல் வருவதற்கும் நடுவே ஒரு சின்ன இழுவை. பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது, நாள் முழுக்கக் கேட்பவருக்கு அது அலுப்பாக ஏறும். வடிவமைப்பவர்கள் புதிய வசதி எதுவும் தராவிட்டாலும் பரவாயில்லை, விரல் பழகிய வரிசையைக் கலைக்கும் முன் எங்களில் நான்கு பேரையாவது கேட்கட்டும். விண்டோஸ் விசையுடன் ஆர், ஆல்ட் டேப் இரண்டும் விண்டோஸ் 95இலிருந்து இன்றுவரை அப்படியே இருக்கின்றன. முடியாத காரியம் இல்லை.

நண்பனிடம் இன்று காலை மறுபடி பேசினேன். விண்டோஸ் 7இல் ஓடும் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, என்விடிஏ 2023.3 பதிப்போடு நின்றுவிட்டது, அவனுடைய வங்கித் தளம் எப்போது திறக்க மறுக்கும் என்று சொல்ல முடியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "அதுல யூ, யூ இருக்கா?"

இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். நாங்கள் இரண்டு பேருமே நிறுவப் போகிறோம்.